சாட்சித் தாள்

போன வாரம் பீரோவைக் கல்லூரி மாடிப்படியில் நிறுத்திவிட்டு வந்தோம். இந்த வாரம்தான் வாசிக்க வந்தவர்கள் குழம்ப வேண்டாம். பீரோ என்பது ஒரு பெண். இருபது வயசு, ஒல்லிக்குச்சி, நடந்ததை நடந்தபடியே, ஆனால் கதை மாதிரி ருசியாக எழுதக் கற்றுக்கொடுக்கும் பட்டறையில் மாணவி. ஆறு வயசில் ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடையில் தொலைந்துபோனாள். நாலு மணி நேரம் ஊரையே கூட்டித் தேடியபிறகு, மூன்றாவது மாடியில் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு பீரோவுக்குள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அப்பா வைத்த பேர் அது. பதினாலு வருஷமாகியும் போகமாட்டேன் என்கிறது.

அந்தக் கதையைத்தான் அவள் பட்டறைக்காக எழுதியிருக்கிறாள். முதல் வரியே, ‘என்னைத் தொலைத்தவள் என் சித்தி.’ வகுப்பே கைதட்டிய வரி. வருஷக் கடைசியில் அச்சாகும் தொகுப்பில் முதல் கட்டுரை அதுதான் என்று பட்டறை நடத்தும் மேடம் சொல்லிவிட்டார்.

ஆனால் பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு. நடந்ததா இல்லையா என்று எழுதினவளே சொன்னால் செல்லாது. வகுப்பில் இன்னொருத்தர், கட்டுரையில் வருகிற ஆட்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு மூன்று கேள்வி கேட்டு, பதிலை ஒரு தாளில் எழுதிக் கட்டுரையோடு சேர்க்க வேண்டும். அதற்குச் சாட்சித் தாள் என்று பேர். வாசிக்கிற அன்று அதைத்தான் முதலில் சத்தமாகப் படிப்பார்கள். பிறகுதான் கட்டுரை.

பீரோவுக்கு வாய்த்தவள் சிஐடி. எதைக் கொடுத்தாலும் தோண்டித் துருவாமல் விடமாட்டாள் என்பதால் வகுப்பு கொடுத்த பட்டம். பீரோ அவளுக்கு அப்பா நம்பரையும் அம்மா நம்பரையும் கொடுத்திருந்தாள். அப்பா மூன்று கேள்விக்கு முப்பது பதில் சொன்னார். அம்மாவிடம் பேசியபோதுதான் சிஐடிக்கு மூக்கு வேர்த்தது.

“நான் கேள்வியே கேக்கலடி. அதுக்குள்ள ‘சரிதான், எல்லாம் சரிதான்’னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. கேக்காத கேள்விக்கு யாராவது பதில் சொல்வாங்களா?”

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் சித்தி சலவைக் கடை வைத்திருக்கிறாள் என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. சிஐடிக்கு அது போதும். கடை நம்பரைத் தேடிப்பிடித்து, பீரோவின் வீட்டில் பதினாலு வருஷமாக யாரும் பேசாத அந்தச் சித்தியை, அம்மாவின் சொந்தத் தங்கையை, நேராகவே கூப்பிட்டுவிட்டாள். கட்டுரையில் சித்தி சிவப்புக் குடையும் காதில் போனுமாக நிற்கிறாள். மாடிப்படியில் சிஐடி நீட்டிய தாளில் இப்படி இருந்தது.

கேள்வி ஒன்று: அன்று நீங்கள் பிடித்திருந்தது சிவப்புக் குடையா? பதில்: என்னிடம் குடையே கிடையாது. அது அக்கா குடை.

கேள்வி இரண்டு: போனில் பேசிக்கொண்டிருந்தீர்களா? பதில்: அப்போது என்னிடம் போன் இல்லை.

கேள்வி மூன்று: குழந்தை காணோம் என்று உங்களுக்கு எவ்வளவு நேரம் கழித்துத் தெரிந்தது? பதில்: அதை அவ அம்மாகிட்ட கேக்கச் சொல்லுங்க.

அது நேற்றுச் சாயங்காலம். இன்றைக்கு மூன்று மணிக்கு வாசிப்பு.

காலையில் அந்த வீட்டில் இரண்டு பேருக்கு இருப்புக்கொள்ளவில்லை, ஒருத்தருக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாதான் அந்த ஒருத்தர். லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போடும் நீலச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருக்க, நல்லதுக்கு எடுக்கும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா போறீங்க வெள்ளைச் சட்டையில? கிரீஸ் ஆயிடும்” என்றாள் பீரோ.

“மதியம் உங்க காலேஜ் லிஃப்டுக்கு சர்வீஸ் இருக்குடா. அடுத்த வாரம் வரவேண்டியது, நான்தான் கேட்டு இன்னிக்கு மாத்திக்கிட்டேன். உங்க மேடத்தைப் போன வாரம் பாத்தேன். வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துக்கலாமான்னு கேட்டேன். தாராளமா வாங்கன்னுட்டாங்க.”

அடுப்படியில் அம்மா கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

“நான் வாசிச்சுக் காட்டினேனேப்பா. கேட்டாச்சு இல்ல?”

“வீட்டுல கேக்கறதும் நாலு பேருக்கு நடுவுல உக்காந்து கேக்கறதும் ஒண்ணா? எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எம் பொண்ணு எழுதினது புஸ்தகத்துல வருதுன்னு.” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். “நீயும் ஒருநாள் கடைக்கு லீவு போடேன். வா, சேந்து போகலாம்.”

“எனக்கு இன்னிக்கு லென்ஸ் டெலிவரி இருக்கு” என்றாள் அம்மா, திரும்பாமலே.

“அந்த இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தி வாசிடா. நான் உன் சித்தியைப் பாத்து, ‘பிள்ளையைத் தொலைச்ச கையால இனிமே இந்த வீட்டுல ஒரு தம்ளரைக்கூடத் தொடாதே’ன்னு சொன்னேன் பாரு, அந்த இடம். இன்னிக்கும் எனக்கு ஆத்திரம் தீரல. பொறுப்பு வேணாம் ஒரு மனுஷிக்கு?”

அடுப்படியில் தட்டு ஒன்று கீழே விழுந்தது. எவர்சில்வர் தட்டு. அது உருண்டு உருண்டு அடங்கியது. பிறகு அப்பா சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

பீரோ கல்லூரிக்குப் போனாள். முதல் வகுப்பில் உட்கார்ந்தாள், என்ன பாடம் என்று தெரியாது. இரண்டாவது வகுப்பில் பேனா மூடியைக் கடித்துத் துப்பினாள். நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகத்தை எடுத்து, அதே இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவளுக்குச் சித்தியை நன்றாக ஞாபகம் இருக்கிறதே. முதுகைக் காட்டி நின்றாள், கையில் சிவப்புக் குடை, காதில் போன், சிரித்துச் சிரித்துப் பேசினாள். இவ்வளவு தெளிவாக இருப்பது எப்படிப் பொய்யாகும்? சித்தி சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள். பழியைத் தட்டிக் கழிக்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

அப்படியானால் அம்மா ஏன் கேள்வியைக் கேட்காமலே பதில் சொன்னாள்?

பதினொன்றரைக்கு அவள் பஸ் ஏறிவிட்டாள்.

அம்மா வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். பெரிய கடை இல்லை. முன்பக்கம் சுவர் முழுக்க ஃபிரேம்கள், பின்பக்கம் லென்ஸ் தேய்க்கும் மிஷின், நடுவில் அம்மாவின் மேஜை. அதில் ஒரு சின்ன ஸ்கேல், புள்ளி வைக்கும் பேனா, ஃபிரேமுக்குச் சூடு காட்டும் பெட்டி. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து, லென்ஸில் நடு எது என்று புள்ளி வைப்பது அம்மாவின் வேலை. ஒரு மில்லிமீட்டர் தப்பினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை வலிக்கும். அம்மாவுக்குத் தப்பியதே இல்லை என்று கடை முதலாளி எல்லாரிடமும் சொல்வார்.

பீரோ உள்ளே போனபோது, ரிட்டயரான ஆள் ஒருத்தர் கண்ணாடி முன்னால் நின்று பதினோராவது ஃபிரேமை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் பத்து கிடந்தன.

“அம்மா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“சாயங்காலம் வீட்டுல கேளு.”

“இப்பவே கேக்கணும்.” பீரோ சாட்சித் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மூன்று பதிலையும் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். மூஞ்சி பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

“அவகிட்ட யாரு பேசச் சொன்னது?”

“யாரும் சொல்லல. அந்தப் பொண்ணே கூப்பிட்டுட்டா. அம்மா, மூணாவது கேள்விக்கு நீதான் பதில் சொல்லணுமாம்.”

“இதுல நான் வயசானவன் மாதிரி இருக்கேனோ?” என்று கேட்டார் ரிட்டயரானவர்.

“இல்ல சார், எடுப்பா இருக்கு” என்றாள் அம்மா. குரல் மட்டும் பழக்கத்தில் சரியாக வந்தது. பிறகு பீரோவைப் பார்க்காமல், ஒரு லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டே மெல்லப் பேசினாள்.

“அன்னிக்கு இந்தக் கடையில எனக்கு இன்டர்வியூ. உங்கப்பாவுக்குத் தெரியாது. பிள்ளையை யாரு பாத்துக்குவா, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அவர் ஒரே பிடியா நின்ன காலம். உன்னைக் கூட்டிட்டுத்தான் வந்தேன். நேரம் இருந்துச்சு, பக்கத்து ஃபர்னிச்சர் கடையில சும்மா சுத்திப் பாத்தோம். ஷோவுக்குப் போட்டிருந்த கட்டில்ல ஏறிப் படுத்துத் தூங்கிட்ட. எழுப்பினா கத்துவ. ஒரு பத்து நிமிஷம்தானேன்னு…”

“விட்டுட்டுப் போயிட்டியா?”

“பத்து நிமிஷம்னுதான் நெனச்சேன்.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

அம்மா லென்ஸைக் கீழே வைத்தாள். “ஒண்ணேகால் மணி நேரம். வந்து பாத்தா கட்டில் காலி.”

“சித்தி அப்ப எங்கதான் இருந்தா?”

“பரிட்சை ஹால்ல. நம்ம வீட்டுல தங்கித்தானே படிச்சிட்டு இருந்தா. காலேஜுக்குப் போன் போட்டு, முடிஞ்சதும் ஓடி வரச் சொன்னேன். உங்கப்பா வர்றதுக்குள்ள அவ கையைப் பிடிச்சு அழுதேன். ‘நான்தான் பிள்ளையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்’னு நீ சொல்லிடு, ஒரே ஒரு வாரம், வேலை உறுதியானதும் நானே உண்மையைச் சொல்லிடறேன்னேன். சரிக்கான்னா. அவ்வளவுதான் சொன்னா, சரிக்கான்னு. அன்னிக்கு ராத்திரியே உங்கப்பா அவளைப் பெட்டியோட அனுப்பிட்டார். மிச்சப் பரிட்சை அவ எழுதவே இல்ல.”

“ஒரு வாரம் கழிச்சு ஏம்மா சொல்லல?”

“பயம். அப்புறம் ஒரு மாசம் ஆயிடுச்சு. ஒரு மாசம் கழிச்சுச் சொன்னா ஏன் ஒரு மாசமா சொல்லலன்னு கேப்பார். அப்புறம் ஒரு வருஷம்.” அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அதற்கும் கை வரவில்லை. “நான் கெட்டவதாண்டி. தினம் பஸ்ல வரும்போது நெனப்பேன்.”

“ஆனா எனக்கு ஞாபகம் இருக்கும்மா! சித்தி குடை பிடிச்சு நின்னதை நான் பாத்தேன். என் கண்ணால பாத்தேன்!”

“நீ பாக்கல. குடை என்னோடது. போன் உங்கப்பா சேத்துக்கிட்டது. நாங்க வருஷத்துக்கு நாலு தரம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி உனக்கு வந்த ஞாபகம் அது.”

பீரோ ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாமேல் கோபம், அப்பாமேல் கோபம். ஆனால் உள்ளதைச் சொன்னால், அவளுக்கு அப்போது அதைவிடப் பெரிய ஆத்திரம் தன்மேல்தான். சித்தி முகம்கூட அவளுக்கு ஞாபகம் இல்லை. அந்த முகமில்லாத பொம்பளையைப் பற்றி நாலு பக்கம் எழுதி, அடித்து, திருத்தி, மெருகு போட்டு, கைதட்டலும் வாங்கிவிட்டாள்.

“மேடம், இதுல கறுப்பு இருக்கா?” என்றார் ரிட்டயரானவர்.

“உள்ளே இருக்கு சார், ரெண்டு நிமிஷம்.” அம்மா பீரோவின் மணிக்கட்டைப் பிடித்தாள். “இன்னிக்கு வாசிக்காதே. உடம்பு சரியில்லன்னு சொல்லிடு. இல்லன்னா வேற எதையாவது வாசி. உங்கப்பா முன்னாடி மட்டும் வேணாம். நானே சொல்றேன், நேரம் பாத்துச் சொல்றேன்.”

“பதினாலு வருஷமா நேரம் வரலையா?”

அம்மா கையை விட்டுவிட்டாள். பீரோ தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். என்ன செய்யப் போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்கே தெரியாது. வாசித்தால் அம்மா அப்பாவுக்கு முன்னால் குற்றவாளி. வாசிக்காமல், தாளையும் கிழித்துப் போட்டால் சித்தி காலத்துக்கும் குற்றவாளி. நடுவில் ஒரு வழி இருக்குமா என்று பஸ் முழுக்க யோசித்தாள். நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்தாள்.

இரண்டே முக்காலுக்கு வகுப்பு வாசலில் சிஐடியைப் பிடித்தாள்.

“மூணாவது கேள்வியை மட்டும் விட்டுடேன்.”

“ஏன்?”

“எங்கப்பா வர்றாரு.”

தோண்டித் துருவுகிறவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “நான் பொய்யா எழுதமாட்டேன்டி. நீ வாசிக்கலைன்னா நானும் தாளை வாசிக்கமாட்டேன். வாசிச்சா முழுசா வாசிப்பேன். எதுன்னு நீ சொல்லு.”

அதற்குள் அப்பா வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் பொத்தான் பக்கத்தில் கரேலென்று ஒரு விரல் அடையாளம். கருவிப் பையைக் கடைசி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, இருபத்திரண்டு மாணவர்களுக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பையனிடம், “எம் பொண்ணுதான் முதல்ல” என்றார்.

மேடம் வந்தார். சுற்றிவளைத்துப் பேசாதவர். “தொகுப்பு அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகணும். சாட்சித் தாள் இல்லாத கட்டுரை போகாது. யாரு முதல்ல? நீதானே, வா.”

பீரோ எழுந்தாள். கையில் நாலு பக்கம். முதல் வரி மேலேயே இருந்தது, அவளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. இரண்டு மாசமாக அந்த வரியைக் குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தவள், இப்போது வாயைத் திறக்கவே கூசினாள்.

“மேடம், நான் வாசிக்கல.”

“உடம்புக்கு என்ன?”

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். மேடமே எடுத்துக் கொடுக்கிறார். ஒரு தலையாட்டல் போதும்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல மேடம். நான் தப்பா எழுதிட்டேன். முதல் வரியே தப்பு.”

“கூச்சப்படறா மேடம்!” என்று கடைசி பெஞ்சிலிருந்து அப்பா எழுந்துவிட்டார். “அதெல்லாம் ஒரு தப்பும் இல்ல. எனக்கு வாசிச்சுக் காட்டினா. அப்படியே நடந்தது நடந்தபடி. நானே சாட்சி. வாசிடா பீரோ!”

வகுப்பு சிரித்தது. பீரோ என்ற பேர் அதுவரை வெளியே தெரியாது.

“நீங்க அங்க இல்லையேப்பா” என்றாள் பீரோ.

“என்னது?”

“நான் தொலைஞ்சப்ப நீங்க அங்க இல்ல. பின்னாலதான் வந்தீங்க. நானும் பாக்கல. பாக்காத ரெண்டு பேரு எழுதின கட்டுரை இது.” அதற்குமேல் அவளால் முடியவில்லை. அம்மாவைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை, காப்பாற்றவும் மனசு வரவில்லை. நாலு பக்கத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் கதவருகே யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

அம்மா. கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். பையில் ஸ்கேல் நீட்டிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். “வந்துட்டியா! வா, வா. இன்னும் ஆரம்பிக்கல.” பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைக்கவும் செய்தார்.

அம்மா உட்காரவில்லை. மேடத்தைப் பார்க்கவில்லை, வகுப்பையும் பார்க்கவில்லை. அப்பாவுக்கு எதிரே போய் நின்றாள்.

“என்னங்க. பிள்ளையைத் தொலைச்சது நான்.”

“என்ன உளர்றே?”

“என் தங்கச்சி அன்னிக்கு அங்க இல்லவே இல்ல. பரிட்சை எழுதிட்டு இருந்தா. நான்தான் வேலைக்குப் போகணும்னு உங்களுக்குத் தெரியாம இன்டர்வியூவுக்குப் போனேன். தூங்கற பிள்ளையை விட்டுட்டுப் போனேன். நீங்க திட்டுவீங்கன்னு அவளைச் சொல்லவச்சேன். அவ எனக்காகச் சொன்னா.”

மாணவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர்கள், பேனாவைத் தொடக்கூட வெட்கப்பட்டார்கள்.

அப்பா கத்துவார் என்று பீரோ நினைத்தாள். அவர் கத்தவில்லை. பெஞ்சைத் துடைத்த கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“அப்ப… அவளை நான் என்னென்ன பேசினேன்” என்றார்.

அம்மா கோட்டுப் பையில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்கேலை உள்ளே தள்ளினாள்.

“வாசல்ல நின்னு நாலு பேர் கேக்கப் பேசினேனே. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே.” அம்மாவைத் தாண்டி நடந்தார். கதவு வரை போனவர் பீரோ பக்கம் திரும்பினார். “மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம்னு எழுதியிருந்தியே. பேர்ப்பலகை எதாவது இருக்கா?”

சிஐடிதான் பதில் சொன்னாள். “நீல போர்டு சார். பெட்ரோல் பங்குக்கு எதிர்ல.”

அவர் போய்விட்டார். கருவிப் பை பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது.

மேடம் மெல்ல எழுந்து, பத்து நிமிஷம் இடைவேளை என்றார். பீரோவின் பக்கத்தில் வந்து, “தொகுப்பு இது இல்லாமலே போகட்டுமா?” என்று கேட்டார். பீரோ தலையாட்டினாள். முதல் கட்டுரை என்ற பெருமை அந்தத் தலையாட்டலோடு போயிற்று. அதற்காக வருத்தப்படவும் அவளுக்கு நேரமில்லை.

தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்ச். அம்மா அதன் நுனியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பீரோ அப்பாவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டுப் பார்த்தாள். வகுப்புக்குள் கிடந்த கருவிப் பையிலிருந்து சத்தம் வந்தது.

“வண்டியை ஒழுங்கா ஓட்டுவாரா?” என்றாள் அம்மா.

“ஓட்டுவாரும்மா.”

“கோபம் வந்தா அவருக்குக் கண்ணு தெரியாது.”

“கோபமா போன மாதிரி தெரியல.”

அரை மணி நேரம் போயிற்று. பீரோ தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே இருந்தாள். எத்தனை தரம் என்று அவள் எண்ணவில்லை. சுவரில் சாய்ந்திருந்த சிஐடியின் போன் அடித்ததும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

சிஐடி எடுத்தாள். கேட்டாள். போனை பீரோவிடம் நீட்டினாள்.

“ஹலோ” என்றது ஒரு பெண் குரல். பின்னால் மிஷின்கள் சுற்றும் இரைச்சல். “அன்னிக்குக் கேள்வி கேட்ட பொண்ணுதானே? இங்க எங்க அத்தான் வந்து கடைக்கு எதிர்ல நிக்கறாரு. ரொம்ப நேரமா. கஸ்டமர் எல்லாம் வந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. உள்ள வரவும் மாட்டேங்கறாரு, போகவும் மாட்டேங்கறாரு. நீங்க என்னம்மா எழுதினீங்க?”

“சித்தி, நான்… நான்தான் பேசறேன்.”

பதினாலு வருஷத்துக்குப் பிறகு சித்தியின் மூச்சு காதுக்குள் கேட்டது.

“பீரோவுக்குள்ள தூங்கினவளா?” என்றாள் சித்தி.

“ஆமா.”

“அவருக்குத் தெரிஞ்சிடுச்சா?”

“தெரிஞ்சிடுச்சு சித்தி. அம்மாவே சொல்லிட்டாங்க. எல்லார் முன்னாடியும்.”

“ஓ.”

“அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. குடுக்கட்டுமா?”

அம்மா அதற்குள் எழுந்து கையை நீட்டியிருந்தாள்.

சித்தி, கோபமே இல்லாத குரலில், துணி எண்ணிச் சொல்வது போல நிதானமாகப் பேசினாள். “அவரை உள்ள கூப்பிட்டு உக்காரவைக்கறேன். பாவம், அவருக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும் இல்ல? தினம் தெரியும். அவகிட்ட நான் பேசமாட்டேன்.”

போன் வைத்தாயிற்று.

“என்ன சொன்னா?” என்றாள் அம்மா. நீட்டிய கை அப்படியே இருந்தது.

அப்புறம் பேசுகிறாளாம் என்று சொல்லலாம். கடையில் கூட்டமாம் என்று சொல்லலாம். அந்த நிமிஷத்தில் பீரோவின் நாக்கு நுனிக்கு அழகான பொய்கள் நாலைந்து வந்தன, எல்லாமே நம்பும்படியாக இருந்தன. அவள் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அப்பாவை உள்ள கூப்பிடறாங்களாம். உங்கிட்டப் பேசமாட்டாங்களாம்மா. அவருக்குத் தெரியாது, அக்காவுக்குத் தினம் தெரியும்னு சொன்னாங்க.”

அம்மா கையை மடக்கிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்து சிஐடி பக்கத்தில் வந்தாள். அம்மா அழவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் திணித்தாள்.

“சரியாத்தான் சொல்லியிருக்கா” என்றாள். பிறகு படிக்கட்டைப் பார்த்து நடந்துகொண்டே கேட்டாள். “இங்கேருந்து மேம்பாலத்துக்கு எந்த பஸ் போகுது?”